திருமணிமுத்தாற்றில் ஒரு கயாக்

கயாக் வாங்கியது காவிரிக்காகத்தான். பூலாம்பட்டியில் படகேறி அக்கரையில் நெரிஞ்சிப்பேட்டைக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும், இவ்வளவு அழகான தண்ணீரைச் சில நிமிடத்தில் கடந்து முடித்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொள்ளும். நம் இஷ்டத்துக்கு நிறுத்தி, கரையோரமாகவே ஊர்ந்து, நாணல் புதருக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க ஒரு சின்னப் படகு வேண்டும் என்று இரண்டு வருஷம் பேசிப் பேசி, கடைசியில் மாமா பையனும் நானும் பாதிப் பாதி போட்டு வாங்கினோம். காற்றடிக்கிற வகை. இரண்டு பக்கமும் இரண்டு குழாய், அடியில் ஒரு மெத்தை, மூன்றிலும் தனித்தனியாகக் காற்று. மடித்தால் ஒரு பெரிய பை, ஸ்கூட்டரில் காலடியில் வைத்துக்கொண்டு போய்விடலாம். அரை அடித் தண்ணீர் இருந்தால் மிதக்கும்.

துடுப்புப் போடக் கற்றுக்கொண்டதும் பூலாம்பட்டியில்தான். அங்கே கதவணைக்குத் தேக்குகிற தண்ணீர் என்பதால் பெரும்பாலான நாட்களில் ஏரி மாதிரி அசையாமல் இருக்கும், பழகுவதற்கு நல்ல இடம். ஆனால் கிளம்பும் முன் மேட்டூரில் விநாடிக்கு எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று பார்க்காமல் போகக் கூடாது. உபரி நீர் வரும் நாட்களில் அங்கே பயணிகள் படகையே நிறுத்திவிடுவார்கள், அதற்குமேல் நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் நாங்கள் இருவரும் தண்ணீரை அடியடியென்று அடித்து, நேராகப் போகாமல் வட்டம் போட்டுக்கொண்டிருந்ததைப் பரிசலில் வலை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் வந்து, "அடிக்காத கண்ணு, கைய மட்டும் ஆட்டுனா தோள்பட்டை போயிரும். இடுப்புலேர்ந்து திரும்பி இழு" என்றார். அவர் கையில் இருந்தது ஒற்றைத் துடுப்பு, எங்கள் கையில் இரண்டு பக்கமும் இலை வைத்த துடுப்பு. ஆனாலும் அவர் சொன்னதுதான் இன்றுவரை கை கொடுக்கிறது.

சரி, காவிரியில் சுற்றிக்கொண்டிருந்தவன் சேலத்துக்கு நடுவே ஓடும் திருமணிமுத்தாற்றுக்கு எப்படி வந்தேன் என்றால், அதற்குக் காரணம் என் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர்.

அம்மாயி வீடு சேலத்தில் குகை என்கிற பகுதியில். ஒரு நாள் கைப்பேசியில் பூலாம்பட்டிப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இத்தனை தூரம் போயி ஆத்தப் பாக்கணுமா சாமி? நம்ம ஊருலயே ஆறு இருந்துச்சே" என்றார். இருந்துச்சு என்றுதான் சொன்னார், இருக்கு என்று சொல்லவில்லை. சின்ன வயதில் ஆற்று மணலில் கையால் ஊற்றுத் தோண்டி, முதலில் வரும் கலங்கலை இறைத்துவிட்டு, தெளிந்த தண்ணீரைச் செம்பில் மொண்டு குடத்துக்கு ஊற்றிய கதையைச் சொன்னார். அதே ஆற்றின் பாலத்தை நான் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்திருக்கிறேன். அதைச் சாக்கடை என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்வோம். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு வருஷா வருஷம் போகிறோம், அம்மன் கோயில் ஓர் ஆற்றங்கரையில் இருக்கிறது என்பதே வீட்டில் எந்தப் பிள்ளைக்கும் தோன்றியதில்லை.

அன்று ராத்திரி வரைபடத்தை விரித்து உட்கார்ந்தேன். சேர்வராயன் மலையில் பிறந்து, சேலத்துக்கு நடுவே நுழைந்து, தெற்கே இறங்கி, நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து, பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் நஞ்சை இடையாற்றில் காவிரியோடு சேர்கிறது இந்த ஆறு. வழியில் ஐந்து சிவன் கோயில்கள் வரிசையாக: சேலத்தில் சுகவனேஸ்வரர், உத்தமசோழபுரத்தில் கரபுரநாதர், பில்லூரில் வீரட்டீஸ்வரர், மாவுரெட்டியில் பீமேஸ்வரர், கடைசியில் நஞ்சை இடையாற்றில் திருவேலீஸ்வரர். பஞ்சலிங்கத் தலங்கள் என்று சொல்லி ஒரே நாளில் ஐந்தையும் கும்பிட்டு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், காரில் போகிறார்கள். ஐந்து கோயிலையும் கோர்த்திருக்கும் நூல் அந்த ஆறுதான். முத்து விளைந்த ஆறு, அந்த முத்து மதுரை மீனாட்சிக்குப் போயிற்று என்று ஒரு கதையும் இந்த ஊரில் உண்டு.

முதலில் நடந்துதான் பார்த்தேன். ஊருக்குள் கயாக்கை இறக்க முடியுமா என்று தெரிந்துகொள்ள, அணைமேட்டில் ஆரம்பித்து, பழைய பேருந்து நிலையத்தின் பின்பக்கம், கோட்டை என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தேன். அணைமேடு என்ற பெயரைப் பாருங்கள், பெயரிலேயே அணை இருக்கிறது. ஊருக்குள் இறக்க முடியாது, இறக்கவும் கூடாது. பெரும்பாலான இடத்தில் இரண்டு பக்கமும் சுவர், கீழே இறங்க வழி கிடையாது, இறங்கினாலும் கணுக்காலளவு கறுப்புத் தண்ணீரும் இடுப்பளவு குப்பையும். மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் அதில் ஓடுவது மலைத் தண்ணீரே அல்ல, நம் வீட்டுக் குளியலறையிலும் அடுப்படியிலும் இருந்து போகிற தண்ணீர்தான் ஆறாக ஓடுகிறது. இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, ஒரு குழாயின் வாயருகே நின்று சோப்பு வாசனையோடு வெதுவெதுப்பாக அது விழுவதைப் பார்ப்பது வேறு.

ஆனால் அந்த நடையில் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. பாலத்தின் மேலிருந்து பார்த்தால் ஆற்றின் முதுகு மட்டும்தான் தெரிகிறது. கரை தெரியாது. கரையைப் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீர் மட்டத்தில் உட்கார வேண்டும்.

அதனால் ஊரைத் தாண்டிக் கீழே போய்ப் பார்த்தோம். உத்தமசோழபுரத்துக்கும் கீழே, ஒரு சின்னத் தடுப்பணைக்குப் பின்னால் தண்ணீர் நீளமாகத் தேங்கி நிற்கிற இடம் ஒன்று கிடைத்தது. நவம்பரில் ஏற்காட்டில் தொடர்ந்து மூன்று நாள் மழை. ஏற்காடு ஏரி நிறைந்து கிளியூர் அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று எல்லோரும் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மழை விட்டு, வெள்ளம் வடிந்து, இரண்டு நாள் பொறுத்து அந்த ஞாயிறு விடியற்காலை போனோம். ஓடுகிற வெள்ளத்தில் இறங்குவது தற்கொலைக்குச் சமம். அதுவும் தடுப்பணைக்கு மேல்பக்கம் நெருங்கவே கூடாது, பார்க்க நாலடி உயரம்தான் என்றாலும் கீழே விழுகிற தண்ணீர் ஆளைச் சுருட்டி அதே இடத்தில் வைத்துக்கொள்ளும். பக்கத்துத் தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டு, லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, அணைக்கு எதிர்த்திசையில், அதாவது சேலத்தைப் பார்த்து மேலே துடுப்புப் போட ஆரம்பித்தோம்.

முதல் ஐந்து நிமிடம் இரண்டு பேரும் பேசவில்லை. வாசம் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் நான் பயந்த அளவுக்கு இல்லை, மழை கழுவிவிட்டிருந்தது. தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. இரண்டு பக்கமும் தென்னை, அதன் அடியில் கோரை, எங்கோ ஒரு மோட்டார் ஓடும் சத்தம். அப்புறம் வளைவு திரும்பியதும் நெடுங்கால் உள்ளான்கள், முப்பது நாற்பது இருக்கும், சிவப்புக் குச்சிக் காலை வைத்துக்கொண்டு ஆழமில்லாத இடத்தில் நின்று கொத்திக்கொண்டிருந்தன. கழிவு நீர் தேங்கும் இடத்தில் இந்தப் பறவை நிறைய வரும், அந்தச் சேற்றில் புழுப்பூச்சி அதிகம். அதனால் அவற்றைப் பார்த்து ஆறு சுத்தமாகிவிட்டது என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். எனக்கு மட்டும் சந்தோஷமாகத்தான் இருந்தது, என் ஊர் ஆற்றில் நாற்பது பறவைகளை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். மடையான் ஒன்று கரையில் மண் நிறத்தில் உட்கார்ந்திருந்து, நாங்கள் கை எட்டும் தூரம் போன பிறகு வெள்ளை இறக்கையை விரித்துப் பறந்தது. மேலே பாலத்தில் நின்றிருந்தால் அது அங்கே இருந்ததே தெரிந்திருக்காது.

கரை என்று சொன்னேனே, அதைச் சொல்ல வேண்டும். கயாக்கில் உட்கார்ந்தால் கண் தண்ணீரிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் ஆற்றங்கரை ஒரு சுவர் மாதிரி எதிரே நிற்கும், அதை மேலிருந்து கீழே படிக்கலாம். மேலே புல். அதற்குக் கீழே ஒரு முழம் செம்மண். அதற்குக் கீழே பாலித்தீன் பை, துணி, பாக்குத்தட்டு, மறுபடி வண்டல், மறுபடி பாலித்தீன், அடை அடுக்கின மாதிரி. ஒவ்வொரு வெள்ளமும் ஒரு அடுக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அதற்கும் அடியில், தண்ணீரை ஒட்டி, சன்னமான வெள்ளை மணல் ஒரு விரற்கடை அளவு தெரிந்தது. அம்மாயி ஊற்றுத் தோண்டினாரே, அந்த மணல். துடுப்பை மண்ணில் ஊன்றி நிறுத்தி, அந்த ஒரு விரற்கடை மணலை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை, மாமா பையன்தான் "மாப்ள, போலாமா?" என்று தோளைத் தட்டினான்.

இன்னும் கொஞ்ச தூரத்தில் இரண்டு மூன்று கருங்கல் படிகள், பாதி மண்ணில் புதைந்து, மேலே ஓர் அரச மரம். படித்துறையாக இருந்திருக்க வேண்டும். இப்போது மேலிருந்து அதற்கு வர வழியில்லை, முள்ளும் குப்பையும் மூடிக் கிடக்கிறது. ஆற்றிலிருந்து வருகிறவனுக்குத்தான் அந்தப் படி தெரியும்.

குழாய்களும் அப்படித்தான். ரோட்டிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கீழேயிருந்து எண்ண ஆரம்பித்தேன், இரண்டு கை விரலும் தீர்ந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டேன். பெரும்பாலும் வீட்டுக் கழிவு. ஓரிடத்தில் மட்டும் ஒரு சின்ன ஓடை வந்து சேர்கிறது, அந்தத் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. நூலுக்கோ துணிக்கோ போட்ட சாயம். ஆற்றோடு சேர்ந்த இடத்திலிருந்து பத்தடிக்கு அந்த நிறம் தனியாகவே ஓடி, அப்புறம் கரைந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிட்டது. செய்திகளில் திருமணிமுத்தாறு நுரை பொங்கி ஓடுகிறது என்று வருஷா வருஷம் படம் வரும். அந்த நுரை எப்படி வருகிறது என்பதும் அங்கே புரிந்தது: நம் வீட்டுச் சோப்புத் தண்ணீரும் சாயத் தண்ணீரும் கலந்து சும்மா ஓடும் வரைக்கும் அமைதியாகத்தான் இருக்கிறது, தடுப்பணையில் ஏறிக் குப்புற விழும்போதுதான் காற்றோடு கடைந்து நுரையாகத் திரள்கிறது. பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கலக்கினால் வருவதுதான், ஆறளவுக்கு.

திரும்பும்போது ஆகாயத்தாமரைக்குள் மாட்டிக்கொண்டோம். காலையில் வழியாக இருந்த இடத்தைக் காற்று அடித்து மூடிவிட்டிருந்தது. ஆகாயத்தாமரையில் துடுப்பு வேலை செய்யாது, மேலே வைத்தால் வழுக்கும், உள்ளே விட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். கரையை ஒட்டிப் போகலாம் என்று ஒதுங்கினோம், அங்கே சீமைக்கருவேலம் தண்ணீர் வரைக்கும் கிளை விட்டிருந்ததைக் கவனிக்கவில்லை. புஸ் என்று ஒரு சத்தம். இடது பக்கக் குழாய் கண் முன்னால் இளகிக்கொண்டே போகிறது. மற்ற இரண்டிலும் காற்று இருந்ததால் முழுகவில்லை, ஆனால் படகு ஒருக்களித்துத் தண்ணீர் உள்ளே வந்து, இடுப்பு வரை நனைந்தோம். அந்தத் தண்ணீரில் நனைவது எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

கரையில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு, கயிற்றை வீசி இழுத்துப் போட்டார். தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் மோட்டாரைப் போட்டு, "மொதல்ல நல்லாத் தேச்சுக் குளிங்க, அப்புறம் பேசலாம்" என்றார். குளித்த பிறகு கட்டிலில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். அந்த மோட்டார்த் தண்ணீரைக் குடிக்கலாமா என்று கேட்டேன். "குடிக்கிறதுக்கு இல்லீங்க. எங்கய்யன் காலத்துல குடிச்சோம். இப்ப மாட்டுக்கே யோசிச்சுத்தான் காட்டுறோம்" என்றார். ஆற்றில் எந்நேரமும் தண்ணீர் ஓடுவதால் கிணற்றில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, ஆனால் அந்தத் தண்ணீரில் எல்லாப் பயிரும் வராது என்றார். புல் வருகிறது, தென்னை நிற்கிறது. பக்கத்து ஊர்களில் கிணறு வற்றிக் கிடக்கும்போது தன் கிணறு நிரம்பி இருப்பதைச் சொல்லும்போது அவர் குரலில் எந்தப் பெருமையும் இல்லை.

வீட்டுக்கு வந்து, உடம்பில் கீறல் எதுவும் இருக்கிறதா என்று இருவரும் பார்த்துக்கொண்டோம். இதைப் படித்துவிட்டு யாராவது போக நினைத்தால் தயவுசெய்து கவனியுங்கள்: காலில் சின்னப் புண் இருந்தாலும் இந்த மாதிரித் தண்ணீரில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் புண் வழியாக ஏறும். அந்தத் தண்ணீர் பட்ட கையோடு வாயைத் தொடாதீர்கள். நான்கைந்து நாளில் தொடங்கி மூன்று நான்கு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் ஆற்றுத் தண்ணீரில் இறங்கினேன் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பகுதியில் மறுபடியும் இறங்க மாட்டேன், நடந்துதான் போவேன்.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. சும்மா இருக்க முடியாமல் ஒரு சாயங்காலம் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குப் போனேன். மலையடிவாரத் தண்ணீர் புது ஏரிக்கு வந்து, அது நிறைந்து மூக்கனேரிக்கு வரும். 58 ஏக்கர் ஏரி. சேலத்துக்காரர்களுக்கு இதன் கதை தெரியும், 2010-ல் சேலம் மக்கள் குழு தூர்வார எடுத்து, எடுத்த மண்ணைக் கரைக்கு வெளியே கொண்டுபோகாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து, அதன்மேல் மரம் நட்டார்கள். அதற்கு முன் அந்த ஏரியும் குப்பையும் சாக்கடையுமாகத்தான் கிடந்தது. இன்றைக்கு அந்தத் திட்டுகளில் மரம் அடர்ந்து, அந்தி நேரத்தில் நீர்க்காகமும் கொக்கும் வந்து அடைகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. ஏரிக்குக் கரை இருக்கிறது, நாலு பக்கமும் ஒரே ஊர், அதனால் முடிந்தது, ஆறு அப்படி இல்லையே என்று சிலர் சொல்கிறார்கள். அது நிஜம்தான், ஆறு நீளமானது, இதில் பல ஊர் உண்டு, வேலை பல மடங்கு. ஆனாலும் இரண்டுக்கும் தண்ணீர் அதே மலையிலிருந்துதான் வருகிறது. அப்படிக் கிடந்த ஏரியை மீட்க முடிந்த ஊருக்கு, ஆற்றுக்குப் போகிற குழாய்களை ஒவ்வொன்றாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பவும் முடியும் என்றுதான் நான் நம்புகிறேன். முதலில் அந்தக் குழாய் வாய்கள் எங்கெங்கே என்று ஒரு வரைபடம் வேண்டும். நானும் மாமா பையனும் நடந்து நடந்து ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்திருக்கிறோம், இதுவரை அணைமேட்டிலிருந்து கோட்டை வரை முடிந்திருக்கிறது.

கயாக்கை ஒட்டுப்போட்டுச் சரி செய்து, பொங்கல் விடுமுறையில் நஞ்சை இடையாறு போனோம். ஆறு முடிகிற இடத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றிருந்தது. அங்கே காவிரி அகண்டு கிடக்கிறது, நடுவில் மணல் திட்டுகள், கரையெல்லாம் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும். காவிரியில் இறக்கி, கரையோரமாகவே வந்தோம். நம் ஆறு சேரும் இடம் அவ்வளவு சுலபத்தில் கண்ணில் படவில்லை, ஒரு தடவை கடந்து போய்விட்டுத் திரும்பி வந்தோம். நாணலுக்கு நடுவே ஒரு சின்ன வாய். அதற்குள் கயாக்கைத் திருப்பி, அடி தட்டுகிற வரை மேலே போனோம், கொஞ்ச தூரம்தான் போக முடிந்தது.

தட்டி நின்ற இடத்தில் ஓர் அம்மா கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். படகைப் பார்த்து ஆச்சரியப்பட்டு, எந்த ஊரு என்று கேட்டார். சேலம் என்றோம்.

கையில் பிழிந்துகொண்டிருந்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தார். "அப்ப இது உங்கூட்டுத் தண்ணிதானுங்க."

ஆமாங்க என்றேன்.